பயனாளர்

கூட்ட அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியின் மெத்தையிலிருந்து பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் கிழித்தெறியவில்லை. ஜெரால்டின் கொஞ்சம் அசைந்தாலும் அது கீச்சென்று கத்தியது, அதனால் அவள் அசையாமல் இருக்கப் பார்த்தாள், அசையாமல் இருக்க இருக்க முட்டிக்குக் கீழே மரத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் கேட்கவா போகிறது. கேட்டால்தான் என்ன. காலையில் வந்ததுமே கோதண்டபாணி சார் அவளைக் கதவோடு நிறுத்திவிட்டார். அவர்தான் திட்ட இயக்குநர், அவள் இந்த விண்வெளி மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவளுக்கு மேலே இருக்கிறவர். "நீ இங்கயே இரும்மா, கூப்பிடுவோம். கூப்பிட்டா நீளமா எதுவும் வேண்டாம். ரெண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதும்." முடியாது. வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்தாள். முடியாது சார். இப்போதைக்கு முடியாது சார். எப்படிச் சொன்னாலும் வேறு யாரோ சொல்லி அவள் வாயசைப்பது போலவே இருந்தது. முடியும் என்று அவளுக்குத் தெரியும், போன வாரம்தான் தெரிந்தது, அதுதான் தொல்லை. அதற்கு முன்னால் கேட்டிருந்தால் முடியாது என்று மனசாரச் சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள், அது ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். போன வாரம் எதற்கு அந்தக் கணக்கைத் திரும்ப எடுத்தோம், பேசாமல் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம், அண்ணன் பெண்டாட்டி, மைனி, நெத்திலி அவித்து வைத்திருப்பாள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. உள்ளே யாரோ சிரித்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லியா. சே, அவள் பெயரைச் சொல்லிச் சிரிக்க அதில் என்ன இருக்கிறது, உள்ளே பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது.

எதிர்ச் சுவரில் ராக்கெட் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள், எல்லாம் கிளம்புகிற கணத்தில் எடுத்தவை, கீழே நெருப்பும் மேலே வெள்ளைக் கூம்புமாக. ராக்கெட் ஏறுவதைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். ஏறினபின் அதற்குள்ளிருந்து இறங்கி அந்தரத்தில் தன்னந்தனியாகச் சுற்றுகிறதே, அதை யார் படம் எடுக்கிறார்கள். அவர்களுடைய செயற்கைக்கோள் வாஷிங் மெஷின் அளவுதான் இருக்கும், மழைக்காலம் முடிந்ததும் ஏவ வேண்டும், வேறொரு பெரிய செயற்கைக்கோளுக்கான ராக்கெட்டில் ஓரத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதன் வயிற்றில் உட்கார்ந்திருக்கும் ரிசீவர் அவளுடையது. அதை அவள் காது என்றுதான் சொல்வாள். நடுக்கடலில் மொபைல் கோபுரம் எட்டாத இடத்தில் நிற்கிற படகிலிருந்து ஒரு சின்னப் பெட்டி, இன்ன படகு, இன்ன இடம் என்று தானாகவே விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டியின் குரல் மேலே வந்து சேரும்போது குரலாகவே இருக்காது, வானத்து இரைச்சலுக்குள்ளே அமுங்கி, சந்தைக்கடையில் ஒருத்தன் மூச்சு விடுகிற மாதிரி ஆகியிருக்கும். அந்த மூச்சைப் பிரித்தெடுக்கத்தான் அவளுடைய இளமையில் பாதி போனது. திட்டம் தொடங்கியபோது எல்லாத் தாள்களிலும் பயனாளர் என்று ஒரு வார்த்தை வரும், பயனாளர் என்றால் மீனவர். எப்போது மாறியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் கூட்டத்தில் பயனாளர் வருகிறார் என்றார்கள், அவளும் யாரோ சங்கத் தலைவர் வருகிறார் என்று நினைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முழுக்கைச் சட்டையும் பளபளத்த ஷூவுமாகக் கடற்படை அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். மூச்சைக் கேட்கிற காது என்றால் பேசாமல் பதுங்கி நிற்கிறவன் மூச்சும் கேட்குமா என்று அவர் கேட்டார். கேட்கும் என்று சொன்னவள் அவள்தான். பெருமையாகச் சொன்னாள். கடலில் யார் எந்த ரேடியோவை முணுமுணுத்தாலும் கேட்கும் சார் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சொன்னாள். ஐயோ, அந்தக் கையை யாராவது பிடித்திருக்கக் கூடாதா.

அதிலிருந்து வேலை இரண்டாக ஆனது. படகுப் பெட்டியைக் கேட்பது ஒன்று, பதுங்குகிறவனைக் கேட்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் உள்ளே சூடு ஏறிச் செத்துவிடும். ஏதாவது ஒன்றை எடுத்துவிட வேண்டும், எதை எடுப்பார்கள் என்பதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. மாதக்கணக்காக அதையே மென்றுகொண்டிருந்தவளுக்குப் போன வாரம் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது விஷயம் புலப்பட்டது: ஒரே நேரத்தில் எதற்கு, மாறி மாறிக் கேட்டால் என்ன. ஒரு மூச்சு அவர்களுக்கு, ஒரு மூச்சு இவர்களுக்கு. முதல் பாதி வேலை இரண்டுக்கும் பொதுதானே, பின் பாதியைத்தானே பிரிக்க வேண்டும். வாயில் நுரையோடு ஓடிவந்து கேஸ் பில்லின் முதுகில் எழுதினாள். அன்று சாயங்காலமே கோதண்டபாணி சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப வந்து சொல்றியாம்மா? சிப்பை மறுபடி எழுதணும், மறுபடி சூட்டுச் சோதனை, இந்த ராக்கெட் போயிடும். அடுத்தது எப்ப கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? முதல்ல மேல போகட்டும், பிறகு பார்ப்போம்." பிறகு எதைப் பார்ப்பது. மேலே போனபின் யார் ஏணி போட்டு ஏறிப் போய் மாற்றுவது, அது அவருக்குத் தெரியாதா. தெரியும். நல்ல மனுஷர்தான், அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் காரைக் கொடுத்தவர், அதனால்தான் அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. முழுதாக வெறுக்க முடிந்தால் இந்நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். போயிருப்பாளா. போனால் என்ன ஆகும், ஆவணப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே ஜன்னலே கிடையாது, போனவர்கள் எல்லோரும் சீக்கிரமே கண்ணாடி மாற்றிக்கொள்கிறார்கள். சார், ஒரு சின்ன விஷயம். வேண்டாம், சின்ன விஷயம் என்று தொடங்கினால் சின்ன விஷயமாகவே எடுத்துக்கொள்வார்கள். சார், முக்கியமான விஷயம் ஒன்று. அப்படிச் சொன்னால் யார் நீ என்று பார்ப்பார்கள். தொண்டையில் காலை இட்லியின் சட்னி காரம் இன்னும் நின்றது.

கேக்குதா என்றுதான் முன்னொரு வருஷம் அடித்த புயலின்போது சிலுவைப்பிச்சை மாமா கேட்டுக்கொண்டிருந்தாராம். அம்மாவின் தம்பி. நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கிக்கொண்டே வந்தாள், கால் மரத்ததும் வந்துவிட்டது. மாமாவின் படகு எங்கே நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவர் வயர்லெஸ்ஸில் பேசுவது வேறொரு படகில் கேட்டிருக்கிறது. கேக்குதா, யாருக்காவது கேக்குதா. கேக்குது, எங்கே நிக்கிய என்று இவர்கள் கத்தியிருக்கிறார்கள். இவர்கள் குரல் அவருக்குப் போகவில்லை. அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், கடைசியில் பேட்டரி போனதோ படகே போனதோ. குரலைக் கேட்ட படகில் இருந்தவர்கள் வந்து சொன்னதைக் கேட்டு ஊரே மாரடித்தது. ஜெரால்டின் அப்போது இந்த மையத்தில் வேலைக்குப் புதிது, லீவில் வந்திருந்தாள், ராக்கெட் விடுகிற ஆபீசில்தானே இருக்க, நீ ஒண்ணும் செய்ய மாட்டியா பிள்ளே என்று மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். செய்கிறேன் மாமி என்றாள். பிறகு ஒரு பொங்கலுக்கு சோதனைக்காக மாதிரிப் பெட்டிகளைக் கொண்டுபோய் தன் ஊரான மேலத்துறையின் படகுகளில் மாட்டியபோது பங்குச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார், உள்ளே தண்ணீர் போய்விடப் போகிறதே என்று அவள் பதறினதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அண்ணன் ததேயு அதில் ஒன்றோடு இப்போது, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்குகடலுக்குப் போயிருக்கிறான், எங்கே எவ்வளவு தூரத்தில் என்று மைனிக்கும் தெரியாது. போனில் பேசும்போதெல்லாம், உங்க ராக்கெட்டு எப்பம் போவும் என்று மைனி கேட்பாள். இவள் சொல்லக் கூடாது. தேதி சொல்லக் கூடாது, யார் வந்தார் என்று சொல்லக் கூடாது, பயனாளர் மாறிவிட்டார் என்று சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். போவும் மைனி, போவும் என்பாள். செரி, நீ நேரத்துக்குச் சாப்பிடு என்பாள் மைனி. அதைவிட இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம்.

கதவு திறந்தது. எழுந்தாள், நாற்காலி கீச்சென்றது, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, சார் என்று தொடங்கினாள். யாரும் நிற்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பேசிக்கொண்டே அவளைக் கடந்து போனார்கள், வாசனைத் திரவியமும் குளிர்ந்த காற்றும் அவள் முகத்தில் அடித்தன. கோதண்டபாணி சார் கடைசியாக வந்தார், முகம் தெளிந்திருந்தது. "முடிஞ்சுதும்மா. உன்னைக் கூப்பிட வேண்டிய தேவையே வரல. நீ சொன்னதாவே நான் சொல்லிட்டேன்." "என்ன சொன்னதா சார்?" "அதான், முடியாதுன்னு. வா, சாப்பிடலாம், இன்னைக்கு அவியல் போட்டிருக்காங்க." தோளைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டு அவர் நடந்தார். நான் சொன்னதாக. காலையிலிருந்து வாய்க்குள்ளே புரட்டிப் புரட்டி அவள் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தையை அவளைக் கேட்காமலே எடுத்துப் பரிமாறிவிட்டார்கள். இதற்கு இந்த நாற்காலி எதற்கு, இந்தக் காத்திருப்பு எதற்கு, வீட்டிலேயே படுத்துக் கிடந்திருக்கலாமே, படுத்துக் கிடந்தாலும் அவள் சொன்னதாகத்தான் ஆகியிருக்கும். காது இரண்டும் சுட்டது. மரத்த காலை இழுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள், கேண்டீனில் தட்டெடுத்தாள், சோறு, சாம்பார், அவியல், அப்பளம் என்று யார் போட்டார்கள், எதைப் போட்டார்கள் என்றே பார்க்கவில்லை. அந்தக் கடற்படை அதிகாரி ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். கேப்டன் வரதராஜன், விசாகப்பட்டினத்தில் வளர்ந்தவர், வீட்டுத் தமிழ் மட்டும் தெரியும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. கோதண்டபாணி சார் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஜெரால்டின் தட்டை அந்த மேஜையிலேயே வைத்தாள்.

"முடியும் சார்," என்றாள்.

கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன முடியும்?"

"ரெண்டையும் சேர்த்துக் கேக்க முடியும். படகுப் பெட்டியும் கேக்கலாம், உங்களுக்கு வேண்டியதும் கேக்கலாம். மாறி மாறி. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். உள்ள உங்ககிட்ட சொன்னது பழைய கணக்கு."

"ஜெரால்டின், அவரைச் சாப்பிட விடும்மா," என்றார் கோதண்டபாணி.

"முன்னாடி ஒரு கூட்டத்துல பார்த்த மாதிரி இருக்கு, நீங்க யாரு?" என்றார் கேப்டன்.

"அந்த ரிசீவர் என்னுது சார்."

"அப்ப காலைல எங்க இருந்தீங்க?"

"கதவுக்கு வெளியில சார்."

கேப்டன் கோதண்டபாணியைப் பார்த்தார். அவர் அவியலில் முருங்கைக்காயைத் தேடுகிற மாதிரி தட்டைப் பார்த்தார். "உக்காருங்க," என்றார் கேப்டன், உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கினாள், எப்படித் தொடங்க வேண்டும் என்று காலையெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. மூச்சு, முதல் பாதி, பின் பாதி, சூடு எவ்வளவு குறையும், எந்த இடத்தில் மாற்றி எழுத வேண்டும். இந்த ராக்கெட்டில் போக முடியாது என்பதையும் சொன்னாள், மறைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கத் தெரிந்த மனிதர் என்று தோன்றியது, இவரிடம் நேராகவே வந்திருக்கலாம். கடைசியில் மோரைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பெட்டி உள்ள படகெல்லாம் எந்நேரமும் அதை ஆன்ல வச்சிருப்பாங்களா?"

"வச்சிருப்பாங்க சார்."

"எல்லாரும்?"

"எல்லாரும். எங்க ஊரே படகுதான் சார், நான் சொன்னா கேப்பாங்க."

"அப்ப எங்களுக்கும் இது நல்லதுதான்," என்றார் கேப்டன், கோதண்டபாணி பக்கம் திரும்பி. "பேரைச் சொல்றவங்களை எல்லாம் கழிச்சிடலாம். மிச்சம், சொல்லாம நிக்கிறவன் எவனோ, அவனைத் துரத்தினா போதும். ஒரு ராக்கெட் போனாப் போகட்டும் சார். இதைத் திரும்பப் பேசலாம்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து கைகழுவப் போனார்.

கோதண்டபாணி சார் அவளையே பார்த்தார், கோபமா வியப்பா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. நடந்துவிட்டது. அவ்வளவுதானா. மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு தட்டுச் சோறு ஆறுவதற்குள் நடந்துவிட்டது. சோற்றைப் பிசைந்தாள், ஒரு வாய் எடுத்தாள், ததேயுவின் படகு ஞாபகத்துக்கு வந்தது, அதில் மாட்டிய பெட்டியும் அதிலிருந்து தொங்கிய வயரும். எடுத்த வாய் அப்படியே நின்றது. பெட்டி மாட்டி முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பினபோது கரையில் வைத்து அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னானே. "நல்ல பார் ஒண்ணு கிடச்சுது பிள்ளே, கணவாய் மீனு குமிஞ்சு கிடக்கு. நான் எங்க நிக்கேன்னு ஊருக்கெல்லாம் விளிச்சு சொல்லவா? வயரப் புடுங்கிட்டேன்." பார் என்பது கடலுக்கடியில் மீன் அடைகிற பாறை; அதை எந்தப் படகுக்காரனும் கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்ல மாட்டான். பெட்டி சொல்வது மேலே மட்டும்தான் போகும், மற்றப் படகுக்குக் கேட்காது என்று இவள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். மேல போனது கீழ வராதா என்றான். அவனொருத்தன் இல்லை, எல்லோரும் அப்படித்தான், மீனைக் கண்டால் எல்லா வயரும் பிடுங்கப்படும். அவளுக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் எல்லாரும் என்று சொல்லியிருக்கிறாள், கொஞ்சமும் யோசிக்காமல், அன்றைக்கு இரண்டு கையையும் விரித்த மாதிரியே. ஜெயிக்கப் போகிறோம் என்றதும் வாய் முந்திக்கொண்டது. பேரைச் சொல்லாமல் நிற்கிறவன். அவனைத் துரத்தினால் போதும். இருட்டில் ஒரு பெரிய கப்பல் விளக்கில்லாமல் நெருங்குவதும், கணவாய் குவிந்த படகுத் தளத்தில் நின்று அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் தெரிந்தது. இப்போது போய் மாற்றிச் சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும், கேப்டனின் சம்மதமும் போகும், பெட்டியும் போகும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் பெட்டி வேலை செய்யும், மாமாவைப் போல ஒருத்தன் கூப்பிட்டால் கேட்கும், ஆயிரம் பேர் பிழைப்பார்கள், வயரைப் பிடுங்கினவன் மட்டும். அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. எடுத்த சோற்றைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?" என்றார் கோதண்டபாணி. பயந்துபோயிருந்தார். "கிடைச்சிடுச்சேம்மா. பேசாம இரு."

கேப்டன் குழாயடியில் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிரும்வரை பின்னால் நின்றாள்.

"சார், நான் சொன்னது தப்பு."

கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "எது? முடியும்னு சொன்னதா?"

"அது சரிதான் சார். எல்லாரும் ஆன்ல வச்சிருப்பாங்கன்னு சொன்னேனே, அது தப்பு. வச்சிருக்க மாட்டாங்க. எங்க அண்ணனே வச்சிருக்க மாட்டான். நீங்க அப்படிக் கழிக்கக் கூடாது."

கேப்டன் குழாயை மூடினார். கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். முகத்தில் சற்று முன்பிருந்த இளக்கம் போயிருந்தது.

"அப்ப பேரைச் சொல்லாம நிக்கிறவன் யாரும்மா? எனக்கு வேண்டியதே அதுதான்."

"மீனு கிடைச்சவன் சார்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. பின்னால் கோதண்டபாணி சார் வந்து நின்றது அவருடைய மூச்சில் தெரிந்தது. யாரோ ஒருவர் கைகழுவ வந்து, மூன்று பேரும் நிற்பதைப் பார்த்துவிட்டு அடுத்த குழாய்க்குப் போனார்.

"மீன் கிடைச்சவனையும் துப்பாக்கி வச்சிருக்கிறவனையும் உங்க ரிசீவர் எப்படிப் பிரிச்சுச் சொல்லும்?"

காலையிலிருந்து முடியும், முடியாது என்று இரண்டே வார்த்தைக்கு நடுவில் உருண்டுகொண்டிருந்தவளுக்கு மூன்றாவதாக ஒன்று இருப்பது அப்போதுதான் தட்டுப்பட்டது.

"தெரியல சார்," என்றாள். "இன்னும் தெரியல."

கேப்டன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அதை உள்ள வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இதே மாதிரி," என்றார். கோதண்டபாணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெரால்டின் அதற்குள் பருக்கை காய்ந்துபோன கையை அவசர அவசரமாகக் கழுவிவிட்டு, துடைக்கக்கூட நிற்காமல், அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நடந்தாள்.